வட்டச்சாலையில் ஒரு வீடு

வேலைக்குக் கிளம்பும் முன் வடிவாம்பிகை கூடத்துச் சுவரில் பதித்திருந்த மூச்சுணரியை ஒருமுறை பார்ப்பாள். உள்ளங்கை அகலத்தில் சல்லடைத் தகடு, அதன் கீழே இரண்டு சிறு விளக்குகள். ஒன்று பச்சையாக எரியும். மற்றொன்று போன தை மாதத்திலிருந்து எரிவதில்லை. அது அவள் கணவன் சபேசனுடைய மூச்சுக்கான விளக்கு. வீட்டில் ஒரு மூச்சு குறைந்தால் ஓராண்டு வரை வீடு பொறுத்துக்கொள்ளும். துக்க அவகாசம் என்று அதற்குச் சட்டத்தில் பெயர். பிறகு இரண்டு மூச்சு வீட்டிலிருந்து ஒரு மூச்சு வீட்டுக்கு அவளை மாற்றிவிடுவார்கள். எல்லோருக்கும் அதுதான் விதி. அவள் விளக்கைப் பார்ப்பாள், கதவைச் சாத்துவாள், கிளம்புவாள்.

கடல் டெல்டாவுக்குள் ஏறி வந்த பிறகு வந்த சட்டம் அது. தஞ்சாவூருக்குக் கிழக்கே இருந்தவர்கள் ஊர் ஊராகத் திருச்சிக்கு வந்து சாலையோரம் படுத்தார்கள். அதே திருச்சியில் பூட்டிக் கிடந்த வீடுகளும் ஏராளம். சம உறைவிடச் சட்டம் இரண்டையும் ஒரே வரியில் தீர்த்தது: ஆளில்லாத வீடு இருக்கக் கூடாது, வீடில்லாத ஆள் இருக்கக் கூடாது. அவரவர் வாழ்முறைக்கு ஏற்ற வீட்டை அரசு கொடுக்கும். ஓரிடத்தில் வாழ்பவர்களுக்கு நிலைமனை, ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நகர்மனை. நிலைமனையில் மூச்சு நின்றால் வீடு அடுத்தவருக்குப் போகும். நகர்மனையில் சக்கரம் நின்றால் அதுவும் அடுத்தவருக்குப் போகும். இருவருக்கும் ஒரே அளவுகோல் என்று சட்டத்தை எழுதியவர்கள் பெருமைப்பட்டார்கள். வடிவும் பல வருடம் அதை நம்பித்தான் வேலை பார்த்தாள்.

அவள் வேலை நகர்குடி நலப்பிரிவில். சுவர் முழுக்க விரிந்த வரைபடத்தில் நகர்மனைகள் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். கரூருக்கு, திண்டுக்கல்லுக்கு, புதுக்கோட்டைக்கு. ஒரு புள்ளி மட்டும் சில வாரங்களாகத் திருச்சி வட்டச்சாலையை விட்டு அகலவில்லை.

"அக்கா, உங்க ஆளு இன்னிக்கும் கோயில் சுத்துறாரு," என்றான் பக்கத்து மேசை இக்பால்.

"இன்னுமா?"

"எண்ணுறதயே விட்டுட்டேன். வேண்டுதல் பெருசு போல."

நகர்மனை எதுவும் ஓர் ஊர் எல்லைக்குள் ஒரு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அது நின்றுவிட்டதாகப் பொருள். வட்டச்சாலையோ திருச்சி மாநகர எல்லையை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வீடு ஊரை விட்டுப் போனதாகவும் புதிதாக வந்ததாகவும் கணினி எழுதிக்கொண்டது. யாரும் யோசிக்காத ஓட்டை. இப்போது புதிய மென்பொருள் அதைப் பிடித்துவிட்டது. பொய்நகர்வு என்று சிவப்புக் குறி போட்டு, நேரில் பார்த்து முடிவெடுக்கும்படி வடிவின் மேசைக்கு அனுப்பியிருந்தது.

"சாயந்திரத்துக்குள்ள ரிப்போர்ட் போடணும்க்கா. பொய்னு போட்டீங்கன்னா நாளைக்கே வண்டிய எடுத்துருவாங்க."

"தெரியும்."

"ரொம்ப யோசிக்காதீங்க. நீங்க யோசிக்க ஆரம்பிச்சா என் டீயும் சேர்ந்து ஆறிடுது."

புதுக்கோட்டைச் சாலை வந்து சேரும் இடத்தில் அவள் காத்திருந்தாள். அந்த வீடு தூரத்திலேயே தெரிந்தது. பேருந்து நீளம், கூரை முழுக்கச் சூரியத்தகடுகள், பின்பக்கக் கொடியில் காய்கிற துணிகள். லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு அதைத் தாண்டிப் போயின. அது அவசரப்படவில்லை. அருகில் வந்தபோது நடை வேகத்துக்குக் குறைந்தது, கதவு திறந்தது.

"ஓடி ஏறிக்குங்க மேடம்," என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த பெண். "பிரேக் போட்டா அவளுக்குக் குலுங்கும்."

பெயர் பிஜிலி. அரசுக் கோப்பில் இவர்கள் நகர்குடிகள். பழைய காகிதங்களில் நரிக்குறவர் என்றிருக்கும். தங்களுக்குள் வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். பிஜிலி, அவள் தம்பி சேட்டு, சேட்டுவின் மனைவி நதியா என்று மூன்று பேருக்கு ஒதுக்கிய வீடு. ஊர் ஊராகச் சூரியத்தகடுகளைப் பழுது பார்ப்பது தொழில்.

உள்ளே கண் பழகியதும் வடிவு அந்தக் கட்டிலைப் பார்த்தாள். அதற்குக் கால்கள் இல்லை. கூரைக் கம்பிகளிலிருந்து நான்கு கயிறுகளில் தொங்கியது. அதில் நதியா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்; வயிறு பெரிதாகியிருந்தது. சேட்டு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தான். வண்டி வளையும்போது கட்டில் ஒரு பக்கம் போகப் பார்க்கும். அவன் அதைத் தன் தோளில் வாங்கிக்கொள்வான்.

"எதுக்கு இப்படிச் சுத்துறீங்க?" என்று கேட்டாள் வடிவு.

"பொழுது போகல மேடம்," என்றாள் முன்னாலிருந்து பிஜிலி.

"அக்கா, சும்மா இரு," என்றான் சேட்டு.

நதியாதான் சொன்னாள். "ஏழாவது மாசம் மேடம். எனக்குக் கர்ப்பப்பை வாய் தாங்காதாம். தையல் போட்டு வச்சிருக்காங்க. அலுங்காம படுக்கணும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஆஸ்பத்திரியில பெட் தரலியா?"

"வலி வந்தாத்தான் பெட்டாம். வலி வரக்கூடாதுன்னுதான படுக்கச் சொல்றாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு போச்சு மேடம். ஒண்ணு மணப்பாறை தாண்டி. இன்னொண்ணு விராலிமலை ஏத்தத்துல."

சேட்டு கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருத்துவக் காரணம் சொல்லி நிக்க அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றான். "தாராளமா நில்லுங்க, நிலைக்குடின்னு மாத்தி எழுதிக்கிடுறோம்னாங்க. வண்டியக் குடுத்துட்டு, நிலைமனை கிடைக்கிற வரைக்கும் வரிசைக் கொட்டகையில போய் உக்காரணும். அது ஊருக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ்ஸு. அப்புறம் எங்களுக்கு வண்டி கிடையாது. எம் புள்ளைக்கும் கிடையாது. என்னா தொழில் பண்றது?"

"எங்க கொள்ளுத் தாத்தாகிட்ட கமிட்டி வந்துச்சாம் மேடம்," என்றாள் பிஜிலி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்னு கேட்டாங்களாம். அதுவரைக்கும் எங்கள யாரும் அப்படிக் கேட்டதில்ல. தாத்தா ஆடிப் போயிட்டாராம். போகணும்னு தோணுனா போகணும், இருக்கணும்னு தோணுனா இருக்கணும், அப்படி ஒரு வீடு குடுங்க சாமின்னாராம். மொதப் பாதிய எழுதிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

ஜன்னலில் அடுக்ககங்கள் மெல்ல நகர்ந்தன. அவற்றில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூச்சுணரி இருக்கும். வெளியூரில் ஒரு கல்யாணம் என்றால் அந்த வீடுகளில் யாராவது ஒருவர் தங்கித்தான் ஆக வேண்டும். அவர்களுடைய தாத்தாக்களிடமும் யாரோ கேட்டிருப்பார்கள். எங்களை யாரும் வெளியேற்றக் கூடாது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

"என்னா எழுதப் போறீங்க மேடம்?" என்று கேட்டாள் பிஜிலி.

வடிவு ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தாள்.

"வாயே தொறக்க மாட்டேங்கிறாங்களே. ஏ சேட்டு, மேடத்துக்குத் தண்ணி குடு."

அவன் ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடி மறுகையால் சொம்பை நீட்டினான். நதியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு எங்க மேடம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. நாலாவது மாடி."

"எத்தன மூச்சு வீடு?"

இந்தக் காலத்தில் யாரும் யாரையும் பார்த்ததும் கேட்பதுதான். "ரெண்டு," என்றாள். பிறகு, "அவரு தவறிட்டாரு," என்றாள்.

நதியா மேலே கேட்கவில்லை. பிஜிலிதான் சொன்னாள். "அப்ப ஒரு மூச்சுக்கு இடம் கிடக்கு."

"அக்கா!"

"நான் என்னத்தடா கேட்டேன்? கிடக்குன்னுதான சொன்னேன்."

வண்டி வட்டச்சாலையில் மேலும் பாதிச் சுற்றுப் போனது. மூச்சுணரி எத்தனை மூச்சு என்று எண்ணும். யாருடைய மூச்சு என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் ஆளை அடையாளம் காணக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்தது. அது வடிவுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு நகர்குடி நிலைமனையில் தங்கினால் அது இரு கூரைக் குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிடிபட்டால் இரண்டு கூரையும் போகும். அவளுக்கு வேலையும் போகும்.

ஏறிய இடத்திலேயே இறங்கினாள். வண்டி நிற்காமல் போனது.

அலுவலகத்தில் திரையில் இரண்டு கட்டங்கள்: நகர்வு உண்மை, நகர்வு பொய். மாலை வெயில் மேசையின் பாதியைத் தாண்டியும் அவள் எதையும் தொடவில்லை. சட்டத்துக்குப் பயந்துதான் தயங்குகிறோம் என்று முதலில் நினைத்தாள். பிறகு அது இல்லை என்று தெரிந்தது. சபேசனின் சட்டைகள் இன்னும் அலமாரியில் இருந்தன. அவன் படுத்த பக்கத்தில் அவள் படுப்பதில்லை. அங்கே இன்னொருத்தி படுப்பாள். எரியாத அந்த விளக்கு வேறு ஒருவருடைய மூச்சால் எரியும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு குழந்தையின் உயிர் ஒரு தட்டில் இருக்க, மறு தட்டில் தான் வைத்தது ஒரு விளக்கை என்று கண்டபோது அவளுக்கு உடம்பு கூசியது.

நகர்வு உண்மை என்ற கட்டத்தைத் தொட்டாள். குறிப்பில், 'இன்று மாலை தெற்கு நோக்கிப் புறப்படுகிறது' என்று எழுதினாள். பிறகு வெளியே போய் சேட்டுவைப் போனில் அழைத்தாள்.

திரும்பி வந்தபோது இக்பால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நிஜமாவே போறாங்களாக்கா?"

"போவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, நான் எதுவும் கேக்கல," என்றான் அவன். "இன்னிக்கு டீயாவது சூடா குடிக்கிறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் பரிசோதனைக்கு இறக்குவதுபோல நதியாவை இறக்கி, சக்கர நாற்காலியில் பின்தெருவில் வடிவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிஜிலி வண்டியை விட்டு இறங்கவில்லை. தனியாகப் போய்விடுவாயா என்று வடிவு கேட்டதற்கு, "என்னைய பேய் புடிச்சா பேய்க்குத்தான் கஷ்டம்," என்றாள். பிறகு குரல் மாறியது. "புள்ள பொறந்தா போன் போடுங்க மேடம். பொறக்கலன்னாலும் போடுங்க."

சேட்டு மாடிக்கு வந்து மனைவியைப் படுக்க வைத்தான். மூன்றாவது மூச்சு தங்கினால் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். "நான் கீழ பார்க்கிங்ல படுத்துக்குறேன். அங்க மூச்சுக்குக் கணக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வடிவு அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினாள். அடுக்கி முடித்துக் கூடத்துக்கு வந்தபோது இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவள் பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. பிறகு உலை வைக்கப் போனாள். யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அரிசி களைந்தாள். அலுவலக வரைபடத்தில் அந்த மஞ்சள் புள்ளி இந்நேரம் விராலிமலையை நெருங்கியிருக்கும். நாளையும் மறுநாளும் அது போய்க்கொண்டிருக்க வேண்டும், இங்கே ஒருத்தி அசையாமல் இருப்பதற்காக.

"அக்கா," என்று அறையிலிருந்து குரல் வந்தது. மேடம் என்று கூப்பிடவில்லை.

ஓடிப் போனாள். நதியா மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றின் மேல். முகத்தில் பயம்.

"என்னம்மா? வலிக்குதா?"

"இல்ல. அக்கா, இந்த வீடு நகருதா?"

"இல்லியே."

"கொஞ்சங்கூட?"

"இது கட்டடம்மா. எங்க நகரும்?"

நதியா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வடிவும் ஏன் என்று தெரியாமலேயே அசையாமல் நின்றாள். தெருச் சத்தம் கூட அந்த நேரம் இல்லை.

"டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, புள்ள அசையுதான்னு," என்றாள் நதியா, மெல்ல. "ஆமான்னுதான் சொல்லுவேன். ஆனா எனக்குத் தெரியாதுக்கா. ரோடா புள்ளயான்னு பிரிக்கத் தெரியல. எல்லாமே எப்பவும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

அவள் வடிவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்தாள்.

"இதோ," என்றாள். "இது ரோடு இல்லதான?"