கண்ணாயியின் காலடி

டாக்டர் மெஹ்ரின் இன்னும் கெண்டைக்காலை அமுக்கவே இல்லை. அதற்குள் ஸ்கேன் மெஷின் 'உஸ்' என்றது.

"அமுக்குனாத்தானே ரத்தம் ஏறுற சத்தம் வரணும்? அசையாம நில்லுங்கம்மா."

அத்தாயி அசையவில்லை. பேளுக்குறிச்சி மளிகைக்கடை மாடியிலிருந்த ஸ்கேன் சென்டரில், கறுப்புத் துணியால் மூடிய ஜன்னலும், கீழிருந்து ஏறிவரும் மிளகு வாசமும், காலில் அட்டைப்பூச்சியாக ஒட்டிய குளிர்ந்த ஸ்கேன் பசையுமாக, ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள்.

காலில் நரம்பு சுருண்டதுகூட அவளுக்குப் பெரிய துக்கமில்லை. கொழுந்தன் பெண்டாட்டி கண்ணாயிக்குச் சுருளவில்லையே என்பதுதான். அதே ஏணி, அதே மிளகுக்கொடி, அதே மூட்டை. அவள் கால் மட்டும் சீவிய மூங்கில் மாதிரி. அதனால்தான் அமாவாசையன்று, ஈர வாசலில் கண்ணாயி பதித்துப்போன காலடி மண்ணை வழித்துத் துணியில் முடிந்து, 'அவ காலு எனக்கு வரட்டும்' என்று தன் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். சுருளெல்லாம் மறைந்தது. கேட்டவர்களிடம் மூலிகை எண்ணெய் என்றாள். ஆனால் கால் சில்லிட்டுப்போனது. ஸ்கேனுக்குத் துணையாக வந்ததும் கண்ணாயிதான், பாவம். துணியை அவிழ்க்கச் சொன்ன டாக்டரிடம், வேண்டுதல் என்று அத்தாயி சாதித்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் கண்ணாயியின் கொலுசு நடந்தது. ஜல். உஸ். ஜல். உஸ்.

கொலுசு நின்றது. மெஷின் சத்தமும் நின்றது.

"அக்கா, மலை பஸ்ஸு வந்துருச்சுங்க. நான் போயி எடம் புடிச்சு உக்காந்துக்கறேன். மெல்ல வாங்க."

ஜல். உஸ். படிக்கட்டு. ஜல். உஸ். தேய்ந்தது.

அத்தாயி குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். துணி இருந்தது. மண் இல்லை.

கூப்பிட்டால் ஓடி வருவாள். அவள் ஓடினால் ரத்தமும் ஓடும். ஆனால் என்னவென்று சொல்வது? போயும் போயும் அவளிடமா?

வெறுந்துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னம்மா இது, ஓட்டமே இல்லையே?" டாக்டர் கருவியை மேலே நகர்த்தினார். முழங்கால். சத்தமில்லை. தொடை. சத்தமில்லை.

கீழே பஸ் உறுமிக் கிளம்பியது. டிரைவர் யாருக்காகக் காத்திருப்பான்? கண்ணாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி முடியும்வரை எழமாட்டாள்.

கால்விரல்கள் நீலம். பிறகு கறுப்பு.

திரையில், ரத்தம் ஓடவேண்டிய குழாயில், ஈரமண் மெல்லப் படிந்தது. அதன்மேல் ஒரு சின்னக் காலடி. ஐந்து விரலும் பதிந்திருந்தன.