ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்க!

ட்ரிங்... ட்ரிங்...!

அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

கணவன்! ஊரின் மறுகோடியில் டிசைனர்.

"நினைவு அட்டைக்கு பிடிஎஃப் அனுப்பினேனே... பார்த்தியா?"

"பார்த்தேங்க."

திரையில், ஒரு வட்டத்துக்குள், அவளுடைய தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் மட்டும். இருபத்திரண்டு வயது!

கட்டி முடிக்காத ஐந்து மாடிக் கட்டிடத்தின் கீழே அவளைக் கண்டெடுத்து ஆறு நாள் ஆகிறது. கால் தவறி விழுந்துவிட்டாள் என்று இன்ஸ்பெக்டர் இன்று சாயங்காலம் கேஸை மூடப்போகிறார். கேஸ் மூடிவிடும். அக்காவுக்கு மூடுமா? தாயில்லாத பெண்ணைத் தலைவாரிப் பின்னி வளர்த்தவள் ஆயிற்றே!

"போட்டோ நல்லா இருக்கு. எப்ப எடுத்தது?"

"போன வருஷம். நம்ம கல்யாண நாளுக்கு வந்தாளே... அப்ப."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க... எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது."

"எப்படி வரும்? எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணி, படமா மாத்தித்தானே அனுப்பினேன்! ஃபான்ட் இல்லாட்டியும் மாறாதே!"

"எங்க சாஃப்ட்வேர் அரதப்பழசு. உங்களோடதுக்கும் இதுக்கும் என்னிக்கு ஒத்துப்போச்சு? ஒரிஜினல் ஃபைலையே பழைய வெர்ஷன்ல சேவ் பண்ணி அனுப்புங்க. நான் சரி பண்ணிக்கறேன்."

"உன் டப்பா கம்ப்யூட்டரோட பெரிய ரோதனை!"

சலித்துக்கொண்டான். அனுப்பினான்.

பிடிஎஃப் என்பது ஒட்டி மூடிய கவர். ஒரிஜினல் ஃபைல், பிரித்த கவர்!

திறந்தாள்.

முதலில் எழுத்துகள் வந்தன. பிறகு... படம்!

அந்த வட்டம் வெறும் மாஸ்க். படத்தை வெட்டாது, மறைக்க மட்டும் செய்யும். பழைய சாஃப்ட்வேருக்கு அது புரியவில்லை. வட்டம் கழன்றது. மறைந்திருந்த மிச்சப் படம் திரையை நிரப்பியது.

மொட்டை மாடி. பூசாத தூண்கள். பச்சை சுடிதாரில் தங்கச்சி. அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, கையை நீட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பது...

இவள் கணவன்!

துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அச்சு மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அழுது முடித்ததும் இரண்டு பேருக்குப் போன் செய்தாள்.

ஒரு மணி நேரத்தில் கணவன் வந்தான்.

"ப்ரூஃப் பார்க்கறதுக்கு நான் எதுக்கு? நீயே..."

அச்சடித்த தாளை நீட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"இ... இது எப்பவோ எடுத்தது..."

"அந்த சுடிதாரை நான்தான் தைச்சேன். அவ செத்த அன்னிக்குக் காலையிலதான் கையில கொடுத்தேன். நீங்க அப்ப வெளியூர்ல இருக்கறதா சொன்னீங்க!"

பேப்பர் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"மிச்சத்தை நீங்களே சொல்லிடுங்க சார்."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"எல்லாத்தையும் அக்காகிட்ட சொல்லிடப் போறேன்னா... தடுத்தேன்... ஆத்திரத்துல தள்ளிட்டேன்..."

"அந்தப் போட்டோவை ஏங்க அழிக்கல? அதையே ஏன் அட்டையில வச்சீங்க?"

"அதுலதான் அவ... அவ்வளவு சந்தோஷமா சிரிச்சா."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி போனதைக்கூடத் தாங்கினாள். இந்தப் பதிலைத் தாங்க முடியவில்லை.

விலங்கோடு போனவன் வாசலில் திரும்பினான்.

"அந்த எழுத்து மட்டும் கட்டம் கட்டமா வராம இருந்திருந்தா..."

"வரவே இல்லங்க!"

"எ... என்ன?"

"பிடிஎஃப் சுத்தமா இருந்துச்சு. வட்டத்தோட அடியில, கழுத்தோரமா, நூலளவு பச்சை தெரிஞ்சுது. அந்தச் சுடிதார் கழுத்துல நான் வச்சுத் தைச்ச பைப்பிங் பட்டி."

"அப்போ... ஒரிஜினல் ஃபைல் கேட்டது..."

வழிந்த கண்ணீரைத் துடைக்காமலே சொன்னாள்.

"பதினோரு வருஷமா உங்க ஃபைலைத் திறக்கறவ நான். எதுல திறந்தா எது கழண்டு விழும்னு எனக்குத் தெரியாதா?"