பின் வரிசைக்கு உடுப்பு

மடுல்கெல்லைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஒன்பது மணி. நான், என் மகள் பரிமளம், என்னோடு வேலை செய்யும் ருக்கியா, ஒரு தகரப் பெட்டி. அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மைல்கட்டை தூரம் நடந்தால் வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பி ஸ்டோர். கூரை போய்விட்டது. கருங்கல் சுவர் மட்டும் நிற்கிறது. சுற்றிலும் காடாகிப்போன கோப்பிச் செடிகள். அவ்வளவு மரத்திலும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு இருந்த கவலை வேறு.

சினிமாவுக்கு உடுப்புத் தைப்பவள் நான். வீடு மஹய்யாவையில். அதற்கு முந்திய படத்தில் கண்டி ராஜாவின் காவல்காரன் ஒருவன் கைக்கடிகாரத்தோடு நின்றுவிட்டான். ராணியின் முதுகில் ஜிப் தெரிந்தது. தியேட்டரில் ஒரே விசில். பேப்பரில் படத்தைப் போட்டு வட்டம் வேறு போட்டான்கள். கடிகாரம் கட்டியவனை ஒருத்தரும் கேட்கவில்லை, பழி முழுக்க என் தலையில். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? இரண்டு வருஷம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இந்தப் படம் கோப்பிக் காலத்துக் கதை. இந்தியாவிலிருந்து வந்து, காட்டு வழியே நடந்து மலையேறிய கூலிகள் நாற்பது பேருக்கு நான் உடுப்புக் கொடுக்க வேண்டும். டைரக்டர் செல்லப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"உடுப்புல ஒரு பிழை கண்டேன், இதுதான் ஒங்களுக்குக் கடைசிப் படம்."

புதுத்துணியைப் பழசாக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மண்ணில் புதைத்துவிடுவோம். மூன்று வாரத்துக்கு முன்பே வந்து நாற்பது வெள்ளைக் காடாத் துணிகளை ஸ்டோருக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போயிருந்தோம். அந்தச் சரிவில் எங்கே தோண்டினாலும் கல். அந்த ஒரு இடத்தில் மட்டும் மண்வெட்டி சோற்றில் கரண்டி போல இறங்கியது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் முகம் துடைக்க ஒரு கைலேஞ்சி வாங்கினாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எடுக்கமாட்டோம். மஞ்சள் படாத கோடித்துணி பிணத்துக்குப் போடுவது. எனக்குத் தெரியாததா? ஆனால் இது கறுப்பு வெள்ளைப் படம். மஞ்சள் பட்ட இடம் கறையாக விழும். மறுபடியும் வட்டம் போடுவான்கள். அந்தப் பயத்தில் வைக்காமல் விட்டேன்.

அன்று காலை நானும் ருக்கியாவும் தோண்டினோம். முதல் துணியை இழுத்த ருக்கியா கையை உதறிக்கொண்டாள்.

"யா அல்லா! அக்கா, இது யாரோ உடுத்த துணி. முழங்கால் தேஞ்சிருக்கு, பாருங்க."

உண்மைதான். மண்ணில் கிடந்த துணி மக்கும், கறைபடும். முழங்கால் தேயாது. கக்கத்தில் வேர்வை உப்புப் பூக்காது. ஒரு துணியில், இடுப்பில் பிள்ளையைச் சுமந்த இடம் அழுந்திக் கிடந்தது.

எல்லாத் துணியிலும் உடம்புச் சூடு இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தக் கொம்பனும் இதில் பிழை பிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

நடிக்க வந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்கள். தங்கள் உடுப்பை மடித்துச் செருகி, அதன் மேலேயே சுற்றிக்கொண்டார்கள். வேலாயி என்றொரு பெண் மட்டும் துணியின் நாலு மூலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மஞ்ச எங்கம்மா?"

"வைக்கல."

"எங்க பொதைச்சீங்க?"

கையைக் காட்டினேன். துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"கோப்பிக் காலத்துல பேதியில செத்தவங்கள அங்கதான் அள்ளிப் போட்டாங்களாம். உடுத்தியிருந்ததையும் கங்காணி உருவி அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டானாம். வெறும் ஒடம்பாப் போனவங்க. இத்தன காலத்துக்கப்புறம் நீங்க கோடி போட்டிருக்கீங்க. போட்டத எடுக்கலாமா?"

"நடிக்க வந்தியா, கதை சொல்ல வந்தியா? போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் போய்விட்டாள். அந்த நாற்பதாவது துணியை என் மகளுக்குக் கட்டினேன்.

பதினெட்டு வயது, ஒல்லி உடம்பு. துணி தோளில் நிற்கவில்லை. ஊக்குக் குத்தினால் படத்தில் மினுங்கும். கோப்பிக் காலத்துக் கூலிக்கு ஊக்கு ஏது? இரட்டை நூல் கோத்து, தோளிலிருந்து இடுப்பு வரை அவள் உடம்போடு வைத்தே தைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. டைரக்டர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். நாற்பது பேரும் மூட்டை சுமந்து ஒற்றை வரிசையாக மேலே ஏறினார்கள். கமரா ஓடியது. ஈர மண் வாடை ஒன்று எழுந்தது. அதற்குள் வாந்தியின் புளித்த நாற்றமும் இருந்தது.

"இரத்தினம்மா!" டைரக்டர் கத்தினார். "பின்னுக்கு வர்ற ஆளுங்களுக்கு ஏன் உடுப்புக் குடுக்கல்ல?"

"நாப்பது பேருக்கும் குடுத்தாச்சு சேர்."

"கண்ணு தெரியலையா? அம்மணமா நிக்கிறாங்க!"

எண்ணினேன். நாற்பது பேரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால், பனிக்குள், இன்னொரு வரிசை.

எலும்பும் தோலுமாக.

ஒருத்தர் உடம்பிலும் ஒரு நூல் இல்லை.

அவர்கள் கமராவைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர்களின் முதுகையே பார்த்தபடி வந்தார்கள். பிறகு கைகளை நீட்டினார்கள்.

"யாரோ இழுக்கிறாங்க!" வரிசையில் ஒருவர் அலறினார். அடுத்தவர், அதற்கடுத்தவர். மூட்டைகள் உருண்டன. துணியை உருவி எறிந்துவிட்டு ஆட்கள் திசைக்கொன்றாக ஓடினார்கள். கமராக்காரர் கமராவை விட்டுவிட்டு ஓடினார். எறிந்த துணி ஒன்றும் தரையில் விழவில்லை. பனிக்குள் அப்படியே நின்று, ஒவ்வொன்றாக உடம்பு கொண்டது.

பரிமளத்தால் உருவ முடியவில்லை.

"அம்மா!"

துணி பின்னால் இறுகியது. குதிகால் மண்ணைக் கீற, துணி புதைத்திருந்த அந்த மெத்தென்ற இடத்தை நோக்கி அவளை எதுவோ இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். கத்தரிக்கோல் பெட்டியில் கிடந்தது. பல்லால் கடித்தேன். என் தையல் லேசில் பிரியாது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அன்றைக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

என் கன்னத்தோரம் ஒரு மூச்சு. பெண்ணின் மூச்சு.

"அது எனக்கு."

"எடுத்துக்கோ தாயே, பிள்ளைய விட்டுடு!" என்று கதறிக்கொண்டே தோளைப் பிடித்து இழுத்தேன். தையல் பிரியவில்லை. துணிதான் மேலிருந்து கீழ் வரை கிழிந்தது. என் பிள்ளை என் கைக்கு வந்தாள்.

ஓடும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொன்பது பேர் உடுத்திக்கொண்டு மலையேறினார்கள். ஒருத்தி மட்டும் வழியில் நின்றாள். கிழிந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் அதோடு நின்றது. எனக்குச் சினிமாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே ஒரு முழுக் காடாத்துணி வாங்கிப் போய் அந்த மண்ணில் போட்டுக் கும்பிட்டு வந்தேன். மறுநாள் காலை அது எங்கள் வாசற்படியில் கிடந்தது. மடிப்புக் கலையவில்லை. அவளுக்கு அது வேண்டாமாம்.

நேற்றுப் பகல் பதினொரு மணி. நல்ல வெயில். மெஷினில் குனிந்து அண்டை வீட்டுச் சட்டை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பரிமளத்தின் குரல்.

"அம்மா, தோள்ல கிழிஞ்சிருக்கு. தைச்சு விடுங்க."

"இந்தப் பக்கம் வா" என்று நிமிராமலே ஊசியில் நூல் கோத்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றாள். நாலு தையல் போட்டேன். துணி ஈரமாக இருந்தது. ஐந்தாவது தையலுக்கு வெளிச்சம் போதாமல் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

வெளியே குழாயடியில் பரிமளம் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றது என் முன்னால் நின்ற முதுகு.