தம்பியின் கைத்தோல்

"யாருங்க அது, என் ஜன்னல்ல ஏறி நிக்கிறது?"

ஏணி லேசாக ஆடியது. அளவு டேப்பைப் பல்லில் கடித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். ஆய்வுக்கூட வாசலில் வெள்ளைக் கோட்டுக்காரன் ஒருவன்... கையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள், முகத்தில் கோபம்.

"உங்க ஆபீஸ்லதான் கறுப்புத் திரை தைக்கச் சொன்னாங்க. வேண்டாம்னா இறங்கிடறேன்."

"ஐயோ, வேணும்! கண்ட வெளிச்சமும் பட்டா என் சோதனை கெட்டுடும்."

"அப்ப ஏணியைப் பிடிங்க. நான் விழுந்தா திரையும் இல்ல, தையல்காரியும் இல்ல."

பிடித்தான். வெளியே தூறல்... மழை இறங்கப்போகும் வானம் மாதிரி கனத்த கண்கள் அவளுக்கு. சிரிக்கும்போதும் அந்தக் கனம் குறையவில்லை. பாவம், ஏணியைப் பிடிக்க வந்தவன் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்படி என்னங்க அந்தத் தட்டுல?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், அவன் உற்சாகமாகிவிட்டான்.

"தோல் செல்லுங்க. வெயில் பட்டா நம்ம டி.என்.ஏ. தினமும் கொஞ்சம் கிழியும். என்சைம்னு சில வேலைக்காரங்க உள்ள இருக்காங்க... கெட்டதை வெட்டிட்டுப் புதுசா தைச்சுடுவாங்க. உங்க தொழில்தான்! இது ஒரு சின்னப் பையனோட தோல். அவனுக்குப் பிறவியிலேயே அதுல ஒரு என்சைம் இல்லை. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்து வந்த குறை. இதுமேல வெயில் மாதிரி விளக்கைக் காட்டிட்டு, இல்லாத என்சைமை நாங்க கொடுத்தா சரியாகுதான்னு பார்க்கிறேன்."

அவள் மெதுவாக இறங்கினாள். "எந்த இடத்துத் தோல்?"

"இடது கை, உள்பக்கம். பேர் தெரியாது... பையன் இப்ப இல்லைன்னு மட்டும் சொன்னாங்க. ஏங்க?"

அந்த ஊரில் அந்த நோயோடு இருந்த பிள்ளை ஒருவன்தான். ஆராய்ச்சிக்கென்று தோல் எடுத்தபோது அவனுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள்.

"எங்க வீட்டுல பகல்ல ஜன்னலே திறந்ததில்லைங்க. தம்பிக்குத் திரை போடணும்னுதான் நான் தையலே கத்துக்கிட்டேன். வெளிய விடுக்கா, விடுக்கான்னு அழுவான்... ஒருநாள்கூட விடலை. நீங்க தினம் அவனை வெயில்ல போடுறீங்களா?"

கொட்டும் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

திரைகள் வேறொருவர் கையில் வந்து சேர்ந்தன. ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்கென்ன தெரியும், நான் ஏன் போய்ச் சமாதானம் சொல்லணும் என்று அவனும் வீம்பாகத்தான் இருந்தான். ஆனால் விளக்கின் ஸ்விட்சில் விரல் வைக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள்... கடைசியில் அவளுடைய கடைக்குப் போனான்.

"அன்னிக்கு அப்புறம் விளக்கைப் போடலைங்க. செல்லுங்க உயிரோட இருக்க வேண்டிய சத்தை மட்டும் கொடுக்கிறேன். நீங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்திடறேன்."

தையல் மிஷின் நின்றது. "அவனுக்கு வலிக்குமா?"

"வலிக்க அங்க நரம்பே இல்லைங்க."

"நீங்க கொடுக்கிற என்சைம்... தைக்குதா?"

"தைக்குது. முழுசா இல்லை... ஆனா தைக்குது."

மடியில் கிடந்த துணியை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தாள். "அப்ப போடுங்க. ஆனா நானும் பக்கத்துல இருப்பேன்."

அதன்பிறகு வாராவாரம் வந்தாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "ஒல்லியா, நீட்டமா... அவனை மாதிரியே இருக்கு" என்று சிரிப்பாள். அவனால் சிரிக்க முடியாது. தோல் செல்கள் ஓரளவுக்குமேல் பெருகாது. உறையவைத்த சேமிப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சொல்லித்தான் ஆகவேண்டிய மத்தியானமும் வந்தது. நனைந்தபடி கடை வாசலில் நின்றான்.

"நின்னுபோச்சுங்க. இனி வளராது... என்னால ஆனதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். முகம்கூடத் தெரியாத பிள்ளைக்காகத் தேம்பித் தேம்பி அழுதான். தம்பி போன அன்று வந்தவர்களெல்லாம் கஷ்டம் விட்டது என்றுதான் சொன்னார்கள். கூட அழ அவளுக்கு ஓர் ஆள் இல்லை. இன்று வாய்விட்டு அழுதாள்.

"இனிமே உங்களைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை..." என்றான் அவன்.

"என் உடம்புலயும் அந்தக் குறை ஒளிஞ்சிருக்கலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நாளைக்கு ஒரு குழந்தைன்னு வந்தா..."

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கலாம். அதுக்குப் பயந்து உங்களை விட்டுட்டுப் போக என்னால முடியாதுங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... காரணம் இல்லாமலே வாங்க. எனக்காக வாங்க."