ஒரு குவளை வெந்நீர்

வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் விடிந்தது. விடிந்தது என்றால் விளக்குகள் வெள்ளையாயின, அவ்வளவுதான். செவிலி என்னும் வளர்ப்பு இயந்திரம் தொட்டியில் சில்லென்ற கடல்நீரை நிரப்பிவிட்டுப் பாப்பாவைக் கொண்டுவரச் சொன்னது.

அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் குளிர்நீர்ப் பயிற்சி உண்டு. முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. தண்ணீரின் சூட்டையும் மெல்லமெல்லக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். வெப்ப உலை என்றாவது நின்றுபோனால் தாங்குகிற உடம்பு வேண்டுமே. மூன்று வயதில் சோதனை. தேறாத பிள்ளையை வெதுவெதுப்புக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெற்றவர்கள் எப்போதாவது போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

நித்திலாவும் பரிதியும் மாறி மாறி ஷிப்டு பார்த்து ஓய்ந்துபோனவர்கள். மகள் தும்பைக்கு எப்போதும் சளி. அவளைப் பிரிந்து இருக்க இருவராலும் முடியாது. அதனால் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. ஆனால் தண்ணீரில் கை வைத்ததும் நித்திலாவுக்கு மனசு கேட்காது. ஒரு குவளை வெந்நீரை ஊற்றி விளாவிவிடுவாள். பரிதியின் முறை வந்தால் அவனும் அதையே செய்தான். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. செவிலிக்குத் தெரியும். ஆனால் பெற்றோர் கை வைத்த தண்ணீரை மாற்றவோ அதைப் பற்றிப் பேசவோ அதற்கு உரிமையில்லை.

வீட்டுக்கு அளந்து விடும் வெந்நீர் அதோடு தீர்ந்துவிடும். குழாயில் ஏதோ கோளாறு என்று ஒருவருக்கொருவர் புளுகிவிட்டு, இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். கொஞ்ச நாளில் பல்லைக் கடிக்கவும் தேவைப்படவில்லை. அதை அவர்கள் கவனிக்கவில்லை. கவனிக்கத் தெம்பு ஏது?

சோதனை நாளில் பாதம் நனைந்ததுமே தும்பை வீறிட்டாள். உதடு நீலம் பாரித்தது. பெற்றவர்கள் இருவரும் உடுத்திய துணியோடு சோதனைக்கூடத்தின் ஆழமான தொட்டிக்குள் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டார்கள். இன்னொரு வாய்ப்புக் கேட்டு, இடுப்பளவு நீரில் நின்றபடியே மன்றாடினார்கள். விளாவிய கதையும் அங்கேதான் வெளிவந்தது.

மருத்துவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியின் உணர்கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமா உள்ள நிக்கிறீங்க. ஒரு நடுக்கம்கூட இல்லையேம்மா."

நித்திலா குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். அது குளிர்ந்த நீர் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தீர்ப்பு உடனே வந்தது. தும்பைக்குக் காப்பகம். குளிருக்குப் பழகிய உடம்பென்று பெற்றோர் இருவருக்கும், உலைச் சூடு எட்டாத பனி விளிம்பில் உழைக்கும் பனிமுகப்புப் படையில் கட்டாய வேலை.

காப்பக வாசலில் பணிப்பெண் குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். நித்திலாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டாள்.

பணிப்பெண் தும்பையின் காதை மூடிக் குல்லாய் மாட்டினாள்.

"பின்ன, பனிமுகப்புப் படைக்கு ஆள் எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க?"