குட்டிக் கண்ணாடியில் பதினேழு எழுத்து

“என்னது... எங்கப்பா கார் திருட்டு வண்டியா?”

“நான் அப்படிச் சொல்லலைங்க. நம்பர் ஒத்துப்போகலைன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே!”

அவள் பழைய கார்களை வாங்கி விற்கும் கம்பெனியின் பரிசோதகர். அவன் பல் டாக்டர். அப்பாவின் காரை விற்க அவன்தான் கூப்பிட்டிருந்தான். மழையோடு வந்தவள் வாசலில் குடையை மடக்கிய அழகில் அவன் மனசு கொஞ்சம் சறுக்கியது உண்மைதான்... வந்த வேகத்திலேயே இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவாள் என்று யார் கண்டது?

முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் ஓரத்தில் தெரிந்த சின்னத் தகட்டைக் காட்டினாள்.

“பதினேழு எழுத்து. வண்டியோட பிறப்புச் சான்றிதழே இதுதான். முதல் மூணும் யார் செஞ்சதுன்னு சொல்லும். பத்தாவது, எந்த வருஷத்து மாடல்னு சொல்லும். உங்க ஆர்.சி.யில இருக்கிறதைவிட இது ரெண்டு வயசு இளசு.”

“வயசைக் குறைச்சுச் சொல்லுதோ என்னவோ!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கதவோரத்து ஸ்டிக்கர் அழிஞ்சுபோச்சு. என்ஜினுக்குப் பின்னால பாடியிலேயே இதே நம்பரைக் குத்தியிருப்பாங்க. அந்த இடுக்குல தலை நுழையாது. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போகணும். ‘சந்தேக வண்டி’ன்னு எழுதினா போலீஸ் வந்து விசாரிக்கும்.”

வாசலில் நின்ற அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதுதான் அவர் சேர்த்த சொத்து. அந்த முகத்தைப் பார்த்ததும் இவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“போதும்ங்க! எங்கப்பாவைத் திருடனாக்க வேண்டாம். கிளம்புங்க!”

அவள் கண்கள்... எவ்வளவு பெரிய கண்கள்! சட்டென்று கலங்கின. மழையிலேயே இறங்கி நடந்தாள். குடை வாசலில் சாய்ந்திருந்தது.

மதியம் அப்பா சோற்றைத் தொடவில்லை.

“டேய்... அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்டா” என்றார் மெல்ல. “நீ வெளியூர்ல படிச்சப்போ, நம்ம வீட்டுக் கேட்டுத் தூண்லயே இடிச்சுட்டேன். டாஷ்போர்டு போச்சு. ஒர்க்‌ஷாப்ல வேற வண்டியோடதை எடுத்து மாட்டினாங்க. பஸ் டிரைவர் சொந்தக் கேட்டுல இடிச்சான்னா ஊரே சிரிக்காதா? உங்கம்மாகிட்டகூட மூச்சு விடலை.”

“நான் அந்தப் பொண்ணைத் திட்டினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமேப்பா!”

“வாயைத் திறக்க வைக்கிறது உன் வேலைடா!”

அவன் குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஆபீஸ் வாசலில் சொட்டச் சொட்ட நின்றவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“கையில குடை இருக்கே... விரிக்கிறதுக்கென்ன?”

“உங்க குடையாச்சே... கேக்காம எப்படி விரிக்கிறது?”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாது... கூடவே கூடாது.

“தப்பு எங்க மேலதாங்க. அப்பா டாஷ்போர்டை மாத்தினது எனக்கே இப்பத்தான் தெரியும். விசாரிக்காம கத்திட்டேன். மன்னிச்சிடுங்க. ரிப்போர்ட் போறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாருங்க.”

“வேற ஆளை அனுப்பச் சொல்றேன்.” ரோஷம் இன்னும் இறங்கவில்லை. “யார் வந்தாலும் அந்த இடத்தைப் பார்க்க முடியாது.”

“பார்க்க முடியாத இடத்தைப் பார்க்கிறதுதாங்க என் பொழப்பே!”

சட்டைப் பையிலிருந்து எடுத்தான், நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. கடைவாய்ப்பல் பார்க்கிற கண்ணாடி!

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக் கேட்டருகே, காரின் பானெட்டுக்குள் இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அவன் பிரஷ்ஷை விட்டுத் துருவைத் தேய்த்தான். டார்ச் அவள் கையில்.

“கொஞ்சம் பெரிசாத் திறங்க...” பழக்க தோஷத்தில் காரிடமே சொல்லிவிட்டான்.

“வலிச்சா கையைத் தூக்கச் சொல்லுங்க!” என்றாள் அவள்.

கண்ணாடியில் எழுத்துகள் தலைகீழாய், இடம் வலமாய்த் தெரிந்தன. அவன் ஒவ்வொன்றாய்த் திருப்பிப் படிக்க, அவள் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தாள். பத்தாவது எழுத்து வந்தபோது அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அதே தூண்!

“சரியா இருக்கு!” பதினேழும் முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள். “ஐயா, வண்டி உங்களுதுதான். டாஷ்போர்டு மாத்தினதை மட்டும் எழுதிடறேன்.”

“எழுதும்மா... நான் இடிச்சேன்னும் எழுதிக்கோ!”

“எதை இடிச்சீங்க?” உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

அப்பா விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

மழை தூறலாகியிருந்தது. அவன் குடையை நீட்டினான். விடத்தான் கை வரவில்லை.

“ஒண்ணு சொல்லணும்... நீங்க இந்தக் குடையை மடக்கினப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. திட்டி அனுப்பிட்டு, ஒரு வாய் சோறு இறங்கலை. குடையை மட்டும் நீங்க மறந்துட்டுப் போகலைன்னா, எந்த மூஞ்சியோட உங்க முன்னாடி வந்து நின்னிருப்பேன்?”

அவள் குடையை விரித்தாள். அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பெரிய கண்கள் அவனை நேராகப் பார்த்தன... பிறகு வெட்கத்தில் தாழ்ந்தன.

“கொட்டுற மழையில... குடையை யாராவது மறந்துட்டுப் போவாங்களா, டாக்டர்?”