எல்லோருக்கும் ஒரே பத்தி

ஐந்தாவது கேள்விக்கு வந்தபோதுதான் அந்தப் படகுக்காரன் தன் அப்பா என்று நிறைமதிக்குப் புரிந்தது.

அதுவரை அது வழக்கமான ஆங்கிலப் பத்தியாகத்தான் இருந்தது. எங்கோ குளிர்தேசத்து ஆறு ஒன்றில் தாமஸ் என்று ஒருவன் ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரையில் விடுகிறான். முப்பது வருடத் தொழில். துடுப்பை நூற்று நாற்பது முறை வலித்தால் கரை வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டே போவான். முதல் நான்கு கேள்விகளுக்கும் விடை பத்தியிலேயே கிடந்தது. ஐந்தாவது மட்டும் ஊகித்து எழுத வேண்டியது: இத்தனை வருடம் பழகிய ஆற்றில் தாமஸ் ஏன் இப்போது எண்ணத் தொடங்கினான்?

நிறைமதி பத்தியை மறுபடி படித்தாள். தாமஸ் தேநீர்க் கோப்பையை எடுப்பதற்கு முன் மேசையின் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போனான். அன்று காலை அப்பா காப்பி டம்ளரை அப்படித்தான் எடுத்தார். நேற்றும் அப்படித்தான். எவ்வளவு நாளாக என்று யோசித்தாள். இரண்டு மூன்று வருடம் பின்னால் போனது.

அப்பா கோகுல்ராஜ் திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் செய்யும் பட்டறை ஒன்றில் கிரேன் ஓட்டினார். நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு இருபது டன் இரும்பு உருளைகளைக் கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலாக நகர்த்துவார். எல்லா வேலைக்கும் தானியங்கிகள் வந்துவிட்ட பிறகும் பெரிய உருளைகளுக்கு மனிதக் கண்ணைத்தான் நம்பினார்கள்.

பத்தியாக்கி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் என்றாலே பாதிப் பேர் தேற மாட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள், படித்தது என்னவென்று கேட்டால் விழிப்பார்கள். பென்குயினைப் பற்றியும் பனிச்சறுக்கு பற்றியும் கொடுத்தால் பிள்ளைகள் எப்படி ஒட்டுவார்கள் என்று யோசித்த யாரோ சிலர், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வாழ்க்கையிலிருந்தே பத்தி எழுதித் தரும் இயந்திரத்தைச் செய்தார்கள். வீட்டு அலமாரியில் இல்லச்செவி என்று கைப்பிடி அளவு ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். வீட்டில் பேசுவது, பேசாமல் இருப்பது, பாத்திரம் விழுவது, மேசையில் விரல் உரசுவது, கதவு திறப்பது, மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் அதன் காதில் விழும். பத்தியாக்கி அதையெல்லாம் வாங்கி, அந்தரங்கம் கருதி ஊரையும் பேரையும் தொழிலையும் மாற்றி, கதையாக்கி, கீழே ஐந்து கேள்வி போட்டுக் கொடுக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். தேர்ச்சி தொண்ணூற்று நான்கு சதவீதம் ஆனது. வாரத்துக்கு இருபது மணி நேரம் இல்லச்செவி விழித்திருந்தால்தான் அகமதிப்பெண் உண்டு என்றும் ஆனது. சேர்க்கையின்போது பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். கோகுல்ராஜும் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வந்தவர்தான்.

ஐந்தாவது கேள்விக்கு நிறைமதி, தாமஸுக்குக் கணக்கு பிடிக்கும் என்று எழுதினாள். தெரிந்தேதான் எழுதினாள். சரியாக எழுதினால் பத்தியாக்கி அடுத்த படிக்குப் போய்விடும். இன்னும் ஆழமாக ஏதாவது வரும். தப்பாக எழுதினால் பழையபடி வீட்டுப் பூனை, கறிவேப்பிலைச் செடி என்று சின்ன விஷயங்களுக்கு இறங்கி வந்துவிடும் என்று நினைத்தாள்.

அது அப்படி இயங்கவில்லை. புரியாத பிள்ளைக்கு இயந்திரம் அதே விஷயத்தை இன்னும் எளிதாகச் சொல்லும். செவ்வாய்க்கிழமை தாமஸ் மறுபடி வந்தான். பக்கவாட்டில் வந்த படகு அவன் கண்ணில் படவில்லை. அவள் மறுபடி தப்பாக எழுதினாள். வியாழக்கிழமை வந்த பத்தியில் சுற்றி வளைப்பே இல்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள். தாமஸின் வலது கண் போய்விட்டது. இடது கண்ணின் ஓரங்கள் இருட்டிக்கொண்டு வருகின்றன. வருடாந்தரக் கண் சோதனைக்கு அவன் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறான். அவன் மனைவிக்குத் தெரியும். கேள்வி: படகில் இருப்பவர்களுக்கு என்ன நேரலாம்?

நிறைமதி அந்த விடையை எழுதாமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா டீச்சர் அவளைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். பத்திகளைப் பார்க்க ஆசிரியர்களுக்கு அனுமதி இல்லை, மதிப்பெண் மட்டும்தான் வரும்.

"தொண்ணூறுக்கு மேல இருந்தவ, ஒரே வாரத்துல நாப்பதுக்கு வந்துட்ட. என்னம்மா ஆச்சு?"

"புரியல மிஸ்."

"புரியாதவங்க கண்டபடி எழுதுவாங்க. நீ சரியான விடைக்கு நேர் எதிரா எழுதியிருக்கன்னு இயந்திரம் சொல்லுது. வேணும்னே செய்யறியா?"

நிறைமதி தரையைப் பார்த்தாள். டீச்சர் மதிப்பெண் திரையை அணைத்தார். பிறகு, "பத்தில என்ன இருக்குன்னு நான் கேக்கக் கூடாது. ஆனா பத்தி மேல கோவப்பட்டா மார்க்குதான் போகும். எழுதிடும்மா," என்றார். அவருடைய பதவி உயர்வுக்கு வகுப்புச் சராசரி தேவையாக இருந்தது. அதற்காக மட்டும் சொல்லவில்லை, பிள்ளையின் நல்லதுக்கும்தான் சொன்னார். எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் கோகுல்ராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா படிக்கிற?"

"இங்கிலீஷ் பத்திப்பா."

"தமிழ்ல சொல்லேன். கேப்போம்."

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேறு ஏதாவது கதையை அந்த இடத்திலேயே கட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளை காலை அவர் மறுபடி அந்தக் கூண்டுக்கு ஏறுவார், கீழே ஆட்கள் நிற்பார்கள். அவள் திரையைப் பார்த்து அந்த வாரப் பத்திகளை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். படகுக்காரன் தாமஸ். நூற்று நாற்பது. கோப்பை. வலது கண். எழுத்துப் பலகை. அடுப்படியில் அம்மா சுகன்யா தாளித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கோகுல்ராஜ் முழுவதும் கேட்டார். பிறகு வெகு சாதாரணமாக, "கடைசில அந்தப் படகுக்காரன் என்ன ஆகறான்?" என்றார்.

"கடைசின்னு ஒண்ணு இல்லப்பா. கேள்விதான் இருக்கு."

"என்ன கேள்வி?"

"படகுல இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு."

அவர் மேசையின் விளிம்பை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நீ என்ன எழுதின?"

"ஒண்ணும் எழுதலப்பா."

"எழுதிரு," என்றார். "தெரிஞ்சத எழுதாம விடக் கூடாது."

மறுநாள் அவர் கூண்டுக்கு ஏறவில்லை. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் விசாரணை நடந்தது. மருத்துவர், போன பார்வையை மீட்க முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். பட்டறையில் அவருக்குக் கருவி அறையில் வேலை போட்டார்கள். வருகிறவர்களுக்கு ஸ்பானரும் திருப்புளியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. முப்பது பேர் தலைக்கு மேலிருந்து ஒரு ஆபத்து அகன்றது. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

சுகன்யா மகளிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"மூணு வருஷம். ஒரு தட்டை இடம் மாத்தி வெச்சிருப்பேனா நான்? மருந்துச் சீட்டை அவர் கேக்கறதுக்கு முந்தியே வாசிச்சுச் சொல்லியிருக்கேன். அடுத்த வருஷம் அவரே இறங்கிடறேன்னு சொல்லியிருந்தாரு. அவராவே இறங்கியிருப்பாரு."

"அதுக்குள்ள யார் தலையிலயாவது விழுந்திருந்தா?"

"விழலையே," என்றாள் சுகன்யா. பிறகு அலமாரியைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, பரவாயில்ல. போய்ப் படி."

அடுத்த வாரப் பத்தியில், தையற்காரி ஒருத்தி கணவனின் சட்டையை மடித்துக்கொண்டே மகளிடம் 'பரவாயில்லை' என்றாள். கேள்வி: அவள் அப்படிச் சொன்னதன் உண்மையான பொருள் என்ன? நிறைமதி நான்கு வரி எழுதினாள். முழு மதிப்பெண் கிடைத்தது.

அவள் மிக வேகமாக மேலே போனாள். சொல்லப்படாததைக் கண்டறிதல் என்பதுதான் கடைசிப் படி. அதில் மாவட்டத்திலேயே முதல் பத்துப் பேரில் வந்தாள். வகுப்பில் மற்றவர்களும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருடைய பத்தியைப் பற்றியும் கேட்டுக்கொள்வதில்லை. பக்கத்தில் உட்காரும் ஃபர்ஹானா ஒரு நாள் பத்தியைப் படித்துவிட்டுத் திரையைக் கவிழ்த்து வைத்தாள். "எங்க வீட்டை ரெண்டாத் தடுக்கப் போறாங்க போலடி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து அவளுடைய வாப்பா வேறு தெருவுக்குக் குடிபோனார். ஊரில் பெரியவர்கள் முக்கியமான பேச்சுகளை மொட்டை மாடிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் கொண்டுபோனார்கள். அப்படிப் போனதும் பத்தியில் வந்தது. ஒரு கணவனும் மனைவியும் மழையில் நின்று பேசினார்கள், ஏன் உள்ளே வந்து பேசவில்லை?

ஏப்ரலில் பொதுத்தேர்வு வந்தது. அதற்கு மட்டும் பத்தியாக்கி கிடையாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள், ஒரே பத்தி, அச்சடித்த காகிதம். முந்தைய வருடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அச்சடித்த பொதுப் பத்திகளையும் படித்து வளர்ந்தவர்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அதில் வளர்ந்த முதல் வகுப்பு நிறைமதியுடையதுதான்.

"பொதுப் பத்தி, ஞாபகம் வெச்சுக்கங்க," என்று ஜெசிந்தா டீச்சர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் ஒண்ணுதான்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

வினாத்தாளைப் பிரித்ததும் நிறைமதி நேராகப் பத்திக்குப் போனாள். ஒரு மலை உச்சியில் வானிலை நிலையம். அதில் ஹென்ரிக் என்பவர் தனியாக இருக்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு வெப்பம், காற்று, மழை மூன்றையும் எழுதி அடிவாரத்துக்கு அனுப்புவார். பத்தொன்பது வருடம் ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு வியாழக்கிழமை எண்கள் வரவில்லை. அடிவாரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேள்வி ஐந்து: அன்று ஏன் யாரும் மலையைப் பார்க்கவில்லை? ஊகித்து எழுதுக.

பரீட்சை நடந்த அன்றும் வியாழக்கிழமைதான்.

ஊரும் பேரும் தொழிலும் மாறித்தான் வரும். அது அவளுக்கு ஆறு வருடப் பாடம். குளிர்தேசம் என்றால் திருவெறும்பூர், தாமஸ் என்றால் அப்பா. அப்படியானால் ஹென்ரிக்? கருவி அறைக்குப் போனதிலிருந்து அப்பா வீட்டில் பேசுவது மூன்றே விஷயம்: சாப்பாடு, பேருந்துக் கூட்டம், வெயில். தினமும் அதே மூன்று. இன்று காலை அவர் எதுவுமே சொல்லவில்லை. அவள் பரீட்சைப் பதற்றத்தில் கவனிக்கவில்லை. அம்மாவும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே பத்தி என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அது காதில் விழுந்த விஷயம், இது கண்ணுக்கு முன்னால் இருக்கிற விஷயம். பேனாவை மூடி வைத்தாள். அவள் எழுந்தாள்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் கண்காணிப்பாளர்.

"வீட்டுக்குப் பேசணும் சார்."

"வெளிய போனா திரும்ப உள்ள விட முடியாதும்மா."

"பரவாயில்ல சார்," என்றாள்.

வாசலுக்கு வந்தபோது காவலாளியின் போனை வாங்கி ஏற்கெனவே ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். ஃபர்ஹானா. "வாப்பா, ஏன் நீங்க இன்னிக்கு எனக்குக் காலைல போன் பண்ணல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேறு பிரிவுப் பையன்கள் இருவர் நின்றார்கள். நிறைமதி அவர்களுக்குப் பின்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேலும் சிலர். யாரும் ஓடவில்லை, யாரும் அழவில்லை. எல்லோர் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

ஜெசிந்தா டீச்சர் ஒரு வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு நின்றார். பத்தியை அங்கேயே நின்று படித்தார். ஆறு வருடத்தில் தன் பிள்ளைகள் படிக்கும் பத்தியை அவர் பார்ப்பது அதுவே முதல் முறை.

"இது யாரைப் பத்தியும் இல்லம்மா," என்றார் நிறைமதியிடம். குரல் கெஞ்சியது. "சும்மா ஒரு கதை. இப்படி ஒரு ஆளே கிடையாது. உள்ள போங்க எல்லாரும், ப்ளீஸ்."

"யாரைப் பத்தியும் இல்லன்னா அதை எப்படி மிஸ் புரிஞ்சுக்கறது?" என்று வரிசையிலிருந்த ஒரு பையன் கேட்டான். எதிர்த்துக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

டீச்சர் காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார்.

நிறைமதியின் முறை வந்தது. மூன்று முறை மணி அடித்த பிறகு கோகுல்ராஜ் எடுத்தார்.

"அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?"

"வேலைலதாம்மா. என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ எப்படி எழுதின?"

'எனக்கென்ன' என்று ஏன் தொடங்கினார்? 'நல்லா' என்று சொல்லாமல் 'நல்லாத்தான்' என்றது ஏன்? பேச்சை உடனே அவள் பக்கம் திருப்பியது எதை மறைக்க? மூன்று முறை மணி அடிக்கும் வரை என்ன செய்துகொண்டிருந்தார்?

"நல்லா எழுதினேன்பா," என்றாள்.

மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை அடுத்த பையனிடம் கொடுத்தாள். வரிசை இப்போது பள்ளிக்கூடத்துக் கிணற்றடி வரை நீண்டிருந்தது. இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று, அவள் நடந்து போய் அதன் கடைசியில் நின்றாள்.